மர்ட்டி லூபி வாசித்த மலக்கி

மலக்கி டெவேனுக்கு வாய் கிடையாது. ஊமை என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டில் பெண்டாட்டியோடு மணிக்கணக்கில் வழக்காடுவான், அச்சுப்பொறியில் மை தடவும்போது பாட்டுக்கூடப் பாடுவான். நாலு பேர் சேர்ந்து நின்று அவன் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், காது இரண்டும் சிவந்துபோகும். அப்படிப்பட்டவன்தான் பாலிநோரன் ஊரில் பத்திரிகை ஆசிரியர். அயர்லாந்தின் அந்தத் தென்கோடியில் கத்தோலிக்கர்களின் உரிமைக்காக வாராவாரம் முழங்குகிற பத்திரிகை அவனுடையது ஒன்றுதான்.

முழங்குகிறது என்று அவனாகச் சொல்லிக்கொண்டான். பக்கத்து ஊர் ஆசிரியர் ஒருவர் நீதிபதியைப் பற்றி நேராக ஒரு வரி எழுதிவிட்டு ஒரு வருஷம் சிறையில் கிடந்து வந்ததைப் பார்த்ததிலிருந்து, மலக்கியின் வாக்கியங்கள் நேராக நடப்பதை விட்டுவிட்டன. 'கருதத்தக்கதோ என ஐயுறுவாரும் உளர்' என்று ஆரம்பித்து, ரோமாபுரி வரைக்கும் சுற்றி, கடைசியில் எங்கே வந்து நிற்கிறோம் என்று அவனுக்கே தெரியாத இடத்தில் போய் முடியும். அதையெல்லாம் எழுத்து எழுத்தாகப் பொறுக்கி அச்சுக் கோக்கிறவள் அவன் மனைவி ஸ்டாசி. அச்சுக்காரரின் மகள், விரல் மின்னலாக ஓடும், நாக்கு அதைவிட வேகம்.

"பெரிய ஆசிரியரே, இந்த ஒரு வாக்கியத்துக்கே என்கிட்ட இருந்த கமா எல்லாம் தீர்ந்துபோச்சு. வெண்ணெய் விளம்பரத்துல இருந்து கொஞ்சம் பிடுங்கிப் போட்டிருக்கேன். அந்த மனுஷன் இந்த வாரம் மூச்சு விடாம வெண்ணெய் விக்கட்டும்."

"விஷயம் பெருசு, ஸ்டாசி. சின்ன வாக்கியத்துல அடங்காது."

"பெருசுதான். அதுக்குள்ள நீங்க எங்க ஒளிஞ்சிருக்கீங்கன்னுதான் தெரியல."

விஷயம் பெரிதுதான், அதில் அவளுக்கும் சந்தேகமில்லை. கத்தோலிக்கன் ஓட்டுப் போடலாம், ஆனால் நாடாளுமன்றத்தில் போய் உட்காரக் கூடாது. வக்கீலாகி வாதாடலாம், நீதிபதி ஆகக் கூடாது. ஊரில் பத்தில் ஒன்பது பேர் கத்தோலிக்கர்கள், அவர்களை ஆள்வதெல்லாம் புராட்டஸ்டண்டான மீதி ஒருவர். போடுகிற ஓட்டும் அவனவன் ஓட்டு இல்லை. தேர்தல் வந்தால் நிலப்பிரபுவின் ஏஜெண்டு குதிரையில் முன்னால் போவார், குத்தகைக்காரர்கள் பின்னால் நடக்க வேண்டும். நகரத்துப் பாலத்தில் பிரபு செலவில் ஒரு பீப்பாய் விஸ்கி இருக்கும். குடித்துவிட்டு ஓட்டுச்சாவடிக்குள் போய், எல்லார் காதிலும் விழும்படி பிரபு சொன்ன பெயரைச் சொல்லிவிட்டு வர வேண்டும். மாற்றிச் சொன்னவன் அடுத்த அறுவடைக்குள் தெருவில் நிற்பான்.

அந்த வருஷத் தேர்தலில் புதிதாக ஒன்று நடந்தது. பிரபுவின் மருமகனை எதிர்த்து ஆஷ்கிரோவ் என்று ஒருவர் நின்றார். அவர் புராட்டஸ்டண்டுதான், ஆனால் கத்தோலிக்கர்களுக்கு உரிமை கொடுக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறவர். மலக்கி எழுதியாக வேண்டும். எழுதவும் பயம். சிறை பயம் ஒரு பக்கம் என்றால், அதைவிடப் பெரிய பயம் அவன் அண்ணன் லாக்லின். கிளென்வாரா கிராமத்தில் அதே பிரபுவின் நிலத்தில்தான் அண்ணன் குத்தகைக்கு இருந்தான், ஆறு பிள்ளைகளோடு. ஊருக்கு உபதேசம் செய்யப்போய் அண்ணன் வீட்டுக் கூரையைப் பிரித்துவிடக் கூடாதே என்று மலக்கிக்குத் தூக்கம் போயிற்று.

எழுதினான். 'வாக்காளப் பெருமக்கள் தத்தம் சூழ்நிலைகளையும் கடமைகளையும் சீர்தூக்கி, மனச்சாட்சி இடங்கொடுக்கும் அளவில் செயற்படுதல் பொருத்தமாயிருக்கலாம்' என்று எழுதினான். அந்த 'லாம்' விழுந்ததும் அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. ஸ்டாசி அதை ஒரு தடவை படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கோத்தாள். அவள் ஒன்றும் சொல்லாதபோதுதான் அவனுக்கு உறுத்தும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லாக்லினின் கடைசிக் குழந்தைக்கு ஞானஸ்நானம், மலக்கிதான் ஞானத்தகப்பன். கிளென்வாராக் கோயிலில் அவன் பூசை கண்டு பல வருஷம் ஆகியிருந்தது. பூசை முடிந்தது, ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. ஆணும் பெண்ணும் முற்றத்திலேயே நின்றார்கள். குதிரை ஏறுகிறவர்களுக்காகப் போட்ட கல்லின் மேல் மர்ட்டி லூபி ஏறினார். ஊர்த் தையற்காரர், வற்றலான ஆள், தொண்டை மட்டும் காளை மாட்டுத் தொண்டை. கையில் மலக்கியின் பத்திரிகை. பத்திரிகைக்கு அரசாங்கம் போட்ட வரியில் ஊருக்கு ஒன்று வாங்குவதே பெரும்பாடு. வாங்கினாலும் இங்கிலீஷில் இருப்பதைப் படிக்க ஆள் ஏது? மர்ட்டி வாங்குவார், மர்ட்டி படிப்பார், படித்ததை ஐரிஷில் ஊருக்குச் சொல்வார். ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒரு மர்ட்டி உண்டு.

இது மலக்கிக்குத் தெரியும். காதால் கேட்டதுதான் இல்லை. தன் எழுத்தைத் தாய்மொழியில் கேட்கப்போகிறோம் என்று ஆசையோடு மதில் ஓரமாக நின்றான்.

மர்ட்டி பத்திரிகையை விரித்தார், கண்ணை அதில் ஓடவிட்டார், தலையை நிமிர்த்தினார்.

"மலக்கி டெவேன் சொல்றதக் கேளுங்க மக்கா. உங்க அப்பன்மார் ஏஜெண்டு குதிரைக்குப் பின்னால சந்தைக்குப் போற ஆடு மாதிரி போனாங்க. நீங்களும் அப்படித்தான் போகப்போறீங்களா? இந்தத் தடவை குதிரை வேணாம். நான் முன்னால நடக்கிறேன். கையில பச்சைக் கிளையோட, பட்டப்பகல்ல, பாலத்து மேல. என் பின்னால வந்து ஆஷ்கிரோவ் பேரச் சொல்லுங்க. அதுக்காக எவனாவது உங்கள வீட்ட விட்டுத் தள்ளினா, பாலிநோரன்ல என் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, வந்து படுத்துக்கோங்க. இப்படிக்கு மலக்கி டெவேன்."

மலக்கிக்குக் கால் தரையில் இல்லை. சந்தோஷத்தில் அல்ல, யாரோ தூக்கியிருந்தார்கள். அவன் மதில் ஓரம் நிற்பதைப் பார்த்துவிட்ட ஒரு பெண் கையைக் காட்டினாள், அடுத்த நிமிஷம் அவன் தோள்களின் மேல் இருந்தான். தொப்பிகள் பறந்தன. 'நான் அப்படி எழுதவில்லை' என்று சொல்ல வாயைத் திறந்தான். அத்தனை முகம், அத்தனை கண். நாக்கு ஒட்டிக்கொண்டது.

"பாரு, மனுஷனுக்குப் பேச்சு வரல. நெஞ்சு நெறைஞ்சு போயிருக்கு," என்றாள் அந்தப் பெண்.

கூட்டம் கலைந்ததும் மர்ட்டியைக் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"அண்ணாச்சி, இதுல ஒரு வரிகூட நான் எழுதினது இல்ல."

"எழுதல," என்று மர்ட்டி தாராளமாக ஒத்துக்கொண்டார். "நீ எழுதினத அப்படியே சொன்னா முதல் கமாவுலயே பாதிப் பேர் கஞ்சி குடிக்கக் கிளம்பிடுவான். எத்தனை வருஷமா உன்ன வாசிக்கிறேன், தெரியுமா? போன வருஷம் நீ நீதிபதிய என்ன கிழி கிழிச்ச. ஊரே கைதட்டிச்சு."

"நான் எங்க கிழிச்சேன்? அவர் தீர்ப்ப மறுபரிசீலனை செய்யலாமோன்னுதான் கேட்டேன்."

"அதத்தான் நான் கிழிச்சுக் காட்டினேன். துணி உன்னுது தம்பி, தையல் என்னுது. கோபம் இல்லாதவனா இவ்வளவு சுத்தி வளைச்சு எழுதுவான்? எனக்கு அது தெரிஞ்சுது, சொன்னேன்."

இத்தனை வருஷமாக அந்த வட்டாரம் கொண்டாடிய வீரன் தானில்லை, மர்ட்டி தைத்துப் போட்ட சட்டைதான் என்று அப்போதுதான் மலக்கிக்கு விளங்கிற்று. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணன் வீட்டில் ஓட்ஸ் ரொட்டியும் மோரும் வைத்தார்கள், ஞானஸ்நானத்துக்காக ஒரு துண்டு பன்றி இறைச்சியும். மலக்கி தட்டைத் தள்ளிவைத்தான். அண்ணனை வெளியே கூப்பிட்டான்.

"அண்ணே, நான் அத எழுதல. மர்ட்டி இட்டுக்கட்டினது. நீ பிரபு சொல்ற ஆளுக்கே போட்டுடு. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது."

லாக்லின் மெதுவாகச் சிரித்தான். பேச்சு குறைந்த ஆள், தம்பியைத் தோளில் வைத்து வளர்த்தவன்.

"நீ எழுதலன்னு எனக்குத் தெரியாதா? உன்ன எனக்குத் தெரியும்டா. அடுப்புல பூனை இருந்தாக்கூட, போலாமான்னு அதுகிட்ட கேட்டுட்டுத்தான் குளிர் காயப் போவ."

"அப்புறம் ஏன் தொப்பியத் தூக்கிப் போட்ட?"

லாக்லின் வயல் பக்கம் திரும்பினான். "அப்பா உயிரோட இருந்தப்போ ஓட்டுப் போட்டுட்டு வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்காது, நீ சின்னவன். வந்து அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாரு. ராத்திரி வரைக்கும் அம்மா முகத்தப் பாக்கல. நான் அப்படி வந்து உட்கார மாட்டேன் மலக்கி. நீ நடந்தாலும் போவேன், நடக்கலன்னாலும் போவேன். ஆனா நீ முன்னால நடந்தா எனக்கு நல்லா இருக்கும்."

பாலிநோரனுக்குத் திரும்பியவன் ஸ்டாசியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்துபோய், கீழறையில் அடுக்கியிருந்த காகிதக் கட்டுகளை ஒவ்வொன்றாக மாடிக்கு ஏற்ற ஆரம்பித்தாள்.

"என்ன பண்ற?"

"தாழ்ப்பாள் இல்லாத வீடாம். ஆறு பிள்ளைங்க வந்தா எங்க படுக்கும்? அந்த முனையப் பிடிங்க."

அவன் முனையைப் பிடித்தான். முடிவு எடுத்தது அவ்வளவுதான்.

தேர்தல் நாளன்று கிளென்வாராக்காரர்கள் பச்சைக் கிளைகளோடு வந்தார்கள். ஓட்டு முடியும்வரை ஒரு சொட்டுத் தொடுவதில்லை என்று பங்குச் சாமியார் முன்னால் சத்தியம் செய்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் சத்தியம் செய்துவிட்டு நிதானத்தோடு தேர்தலுக்குப் போனார்கள் என்றால் இன்றைக்கும் சிலர் நம்புவதில்லை. முன்னால் மலக்கி நடந்தான். கையிலிருந்த கிளை நடுங்கிய நடுக்கத்தைப் பார்த்துவிட்டு, காற்று பலம் என்று யாரோ சொன்னார்கள்.

பாலத்தில் பிரபுவின் பீப்பாய் வழக்கம்போல் திறந்தபடி இருந்தது. மணம் ஆற்றைத் தாண்டி வந்தது. ஒருவரும் கிட்டப் போகவில்லை.

"வயசு அறுபதாகுது, இந்தப் பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் இருக்குன்னு இன்னிக்குத்தான் பாக்கிறேன்," என்றார் மர்ட்டி.

பீப்பாய்க்கு அந்தப் பக்கம் குதிரையின் மேல் ஏஜெண்டு ஸ்டாக்பூல் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு குத்தகைக்காரனையும் பெயர் பெயராக அறிந்தவர். லாக்லினைப் பார்த்தார், அவன் பிள்ளைகளை எண்ணுகிறவர் மாதிரிப் பார்த்தார். பிறகு இங்கிலீஷில் கேட்டார்: "இவர்களை யார் கூட்டிவந்தது?"

அத்தனை கண்ணும் மலக்கியின் முதுகில். அவனுக்கு இங்கிலீஷ் மறந்துபோயிற்று, லத்தீன் மறந்துபோயிற்று. அண்ணன் பக்கம் திரும்பி, சின்ன வயசில் பேசிய ஐரிஷில், பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்கும்படி முனகினான்: "நான் எங்க கூட்டிட்டு வந்தேன், இவங்கதான் என்ன இழுத்துட்டு வந்திருக்காங்க."

மர்ட்டி ஒரு எட்டு முன்னால் வைத்தார். தொப்பியைக் கழற்றினார். தனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டிக்கொண்டு, பணிவாகச் சொன்னார்.

"துரை, ஆசிரியர் என்ன சொல்றாருன்னா, கூட்டிட்டு வந்தது அவருதான். இது ராஜா போட்ட பாலம், இவங்க ராஜா சட்டப்படி ஓட்டுப் போடப் போறாங்க. உங்க குதிரைக்கு ஓட்டு இல்ல. அதனால அது கொஞ்சம் ஓரமா நிக்கட்டும்னு சொல்றாரு."

இங்கிலீஷ் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், விஷயம் பின்னால் பரவப் பரவச் சிரிப்பும் பரவிற்று. ஸ்டாக்பூலின் முகம் கறுத்தது. அவர் மர்ட்டியை ஏறிட்டும் பார்க்கவில்லை. மலக்கியைப் பார்த்துக் கேட்டார்:

"நீ சொன்னாயா இதை?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அச்சுக்கூடம் தப்பும், சிறைக்குப் போக வேண்டாம், கீழறையில் மறுபடி காகிதத்தை அடுக்கிக்கொள்ளலாம். பக்கத்தில் அண்ணன் நின்றான். அவன் தம்பியைப் பார்க்கவில்லை, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டுச்சாவடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொன்னேன்," என்றான் மலக்கி.

தன் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவனுக்கே தெரியாது. குதிரைகூடக் காதைத் திருப்பிற்று. சொன்ன பிறகு இன்னும் சொல்லலாம் போலிருந்தது. ஆனால் ஸ்டாக்பூல் கடிவாளத்தை இழுத்துக்கொண்டார், வழி திறந்தது.

உள்ளே குமாஸ்தா கேட்டார், யாருக்கு ஓட்டு? லாக்லின் போட்ட சத்தத்தில் வெளியே புறாக்கள் எழுந்து பறந்தன.

"ஆஷ்கிரோவ்."

"எனக்குக் காது கேட்கும், மெதுவாகச் சொன்னால் போதும்."

"உங்களுக்குச் சொல்லல ஐயா," என்றான் லாக்லின். "எங்கப்பா கொஞ்சம் தூரத்துல இருக்காரு."

ஆஷ்கிரோவ் ஜெயித்தார். மலைகளில் தீ மூட்டினார்கள், பீப்பாய்க்கும் ஒரு வழியாக விடுதலை கிடைத்தது. மலக்கி அன்று ஒரு மேசை மேல் ஏறிப் பேசினான் என்று சொல்கிறார்கள். என்ன பேசினான் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

இலையுதிர் காலத்தில் ஏஜெண்டின் ஆட்கள் குத்தகைப் பாக்கி என்று ஒரு சாக்கோடு வந்து, லாக்லினின் வீட்டைப் பூட்டினார்கள். குடும்பம் வண்டியில் பாலிநோரனுக்கு வந்து சேர்ந்தது. ஸ்டாசி கதவில் நின்று பிள்ளைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். அந்தக் குளிர்காலம் போல அந்த வீட்டில் ஒரு காலம் இருந்ததில்லை. சுவரெல்லாம் மைக் கைகள், மாடிப்படியெல்லாம் குழந்தைகள், ஞானத்தகப்பனின் தலையங்கத்தின் மேல் கைக்குழந்தை தூங்கிற்று. லாக்லின் அச்சுப்பொறியின் கைப்பிடியை இழுத்தான். உழவுக்காரன் கை, எழுத்து காகிதத்தின் மறுபக்கம் வரை பதிந்தது. கிளென்வாராவில் அந்த நிலத்தைத் தொட ஆளில்லை. வெளியூரிலிருந்து மாட்டோடு ஒருவன் வந்தான். அவன் குதிரைக்கு லாடம் அடிக்கக் கொல்லன் வரவில்லை, ரொட்டி விற்கக் கடைக்காரி இல்லை, மர்ட்டியிடம் கால்சட்டை தைக்கக் கொடுத்தது தைத்தே வரவில்லை. அவன் போய்விட்டான். நிலம் முள் மண்டிக் கிடந்தது. வசந்தத்தில் ஸ்டாக்பூலே சாவியை அனுப்பிவைத்தார். லாக்லின் பழைய குத்தகையோடு திரும்பிப் போனான்.

அதற்கப்புறம் மலக்கியின் வாக்கியங்கள் குட்டையாகிவிட்டன. மிச்சமான கமாவை என்ன செய்வது என்று ஸ்டாசி கேட்டாள். மர்ட்டிக்குத்தான் வருத்தம், தைக்க வேலை குறைந்துவிட்டது என்று.

மூன்று வருஷம் கழித்து உரிமைச் சட்டம் வந்தேவிட்டது. கத்தோலிக்கர்கள் நாடாளுமன்றத்தில் உட்காரலாம். தபால் வண்டி பச்சைக் கிளை கட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தது, மேளமும் குழலும் தெருவை அடைத்தன. ஸ்டாசி மலக்கியைக் கட்டிப் பிடித்து, அவன் முதுகில் இரண்டு கறுப்புக் கைகளைப் பதித்தாள். அவன் அந்தச் சட்டையைத் துவைக்கவே விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளென்வாராக் கோயில் முற்றத்தில் மர்ட்டி கல்லின் மேல் ஏறினார். முதல் பத்தியை அவர் வாசித்த விதத்தில் கிழவிகள் கைகோத்து ஆடினார்கள். இரண்டாவது பத்திக்கு வந்தார். கண்ணை ஓடவிட்டார். நிறுத்தினார். இன்னொரு தடவை ஓடவிட்டார். பிறகு இறங்கி, கூட்டத்தில் நின்ற மலக்கியிடம் பத்திரிகையை நீட்டினார்.

"இதுல என்னால ஒண்ணும் சேக்க முடியல தம்பி. நீயே வாசி."

மலக்கி ஏறினான். அத்தனை முகம், அத்தனை கண். நாக்கு ஒட்டவில்லை. அதே நாளில் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது என்று ஐரிஷில், எதையும் கூட்டாமல் குறைக்காமல் வாசித்தான். பெரிய நிலம் உள்ளவனுக்கு மட்டும் இனிமேல் ஓட்டு. சின்னக் குத்தகைக்காரன் ஓட்டுப் பறிபோயிற்று. அதாவது, பாலத்தின் மேல் நடந்தார்களே அவர்கள் ஓட்டு.

லாக்லின்தான் முதலில் கேட்டான்.

"அப்போ என் ஓட்டு?"

"இல்ல அண்ணே."

"என் பையனுக்கு?"

"இல்ல."

லாக்லின் தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே யோசித்தான். "அப்பாவ ஓட்டிட்டுப் போனாங்க. என் பையன வாசல்லயே நிறுத்திட்டாங்க. நடுவுல நான் ஒருத்தன் நடந்து போனேன். என் பையனும் நடக்கணும் மலக்கி."

"நடக்கணும் அண்ணே."

"அப்போ எழுது. இந்த வாரமே எழுது." தொப்பியைத் தலையில் வைத்து அழுத்தினான். "மர்ட்டி கை வைக்கத் தேவையில்லாதபடி எழுது."

மலக்கி கல்லிலிருந்து இறங்கவில்லை. எழுதப்போவதை அங்கேயே, எல்லார் முன்னாலும், வாயால் சொல்ல ஆரம்பித்தான்.